எட்டுப் பேரில் ஒருவர்

1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் காமராசர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அவரையும் சேர்த்து அமைச்சரவையில் இருந்தோர் எண்மரே. ஏ. பி. ஷெட்டி, எம். பக்தவத்சலம், சி. சுப்பிரமணியம், மாணிக்கவேலு நாயக்கர், இராமநாதபுரம் அரசர் சண்முக ராஜேஸ்வர சேதுபதி, இராமசாமிப் படையாச்சியார், பி. பரமேசுவரன் ஆகியோர் மற்ற எழுவர். இவர்களுள் பரமேசுவரன் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர். இவ்வமைச்சரவை அமைந்த முறையை நம் இளைஞர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஏனெனில், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று எண்ணிப் பார்ப்பதோடு நின்றுவிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது.

எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் நோக்கின், அதில் புதுமை ஏதுமில்லை. 1932-ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தம் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு 30 இடங்களை ஒதுக்கியது. அதன் பயனாக, 1937-இல் இராஜாஜி அமைத்த பதின்மர் அமைச்சரவையில் உதகையைச் சேர்ந்த வி. ஐ. முனுசாமிப் பிள்ளை வேளாண்மைத் துறையை ஏற்றார். 1952-இல் இராஜாஜி மீண்டும் முதலமைச்சரானபோது தாமோதரம் சஞ்சீவய்யா அமைச்சராக விளங்கினார். பின்னர் 1960-இல் ஆந்திர மாநிலத்தின் முதலமைச்சராகி, இந்தியாவிலேயே அப்பதவியை அடைந்த முதல் தாழ்த்தப்பட்டவர் என்னும் பெருமையைப் பெற்றவர் அவரே. ஆகவே 1954-இல் நமக்கு ஓர் இடம் கிடைத்தது என்பது வியப்பன்று. கிடைத்த துறை எது என்பதே இங்கு வினா.

பரமேசுவரனிடம் போக்குவரத்து, மதுவிலக்கு, பத்திரப் பதிவு, அரிசன முன்னேற்றம் ஆகியவற்றுடன் இந்து அறநிலையத் துறையும் ஒப்படைக்கப்பட்டது. இதன் பொருளை உணர்வதற்குச் சற்றே பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம்மவர் சிலர் வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்தது 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாளில்தான். மாகாணத்தின் கோயில்கள் அனைத்தையும் நமக்குத் திறந்துவிடும் சட்டம் 1947-இல் வந்தது. அச்சட்டம் பிறந்து ஏழே ஆண்டுகளில், கோயில் நிலங்களையும் அறங்காவலர்களையும் மேற்பார்வையிடும் துறைக்கு நம்மவர் ஒருவர் அமைச்சரானார். நம் தந்தையர் எந்த மதிலுக்கு வெளியே நின்று கும்பிட்டார்களோ, அந்த மதிலுக்கு உள்ளே இருந்த கணக்கேடுகள் அவர் மேசைக்கு வந்தன. அத்துறை அப்போது எளிய துறையாகவும் இல்லை. 1951-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்தின் சில பிரிவுகள் செல்லாவென்று, சிரூர் மடத்தின் வழக்கில் 1954 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

இனி, மற்றவர்கள் எவ்வாறு அவ்வமைச்சரவைக்குள் வந்தனர் என்பதையும் காண்போம். கட்சித் தலைவர் தேர்தலில் காமராசர் 93 வாக்குகளும் சி. சுப்பிரமணியம் 41 வாக்குகளும் பெற்றனர். தோற்றவரையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் காமராசர் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். அது பெருந்தன்மை என்பர். 41 பேரைப் பகைத்துக்கொள்ளாத அரசியல் அறிவும் அதில் உண்டு. 1952 தேர்தலில் படையாச்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் வென்றிருந்தன. இவர்கள் தத்தம் பலத்தோடு வந்தவர்கள். நம்மவருக்கோ பின்னால் நிற்கும் கட்சி எதுவும் இல்லை. தலைவரின் நல்லெண்ணமே அவரைக் கொணர்ந்தது. இவ்வேறுபாடு கசப்பானதே, எனினும் மறைத்து எழுதுவதில் பயனில்லை.

அந்த நல்லெண்ணம் வெறுஞ்சொல்லாக இருக்கவில்லை என்பதையும் நேர்மையோடு கூறவேண்டும். பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய வேளையில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்ற 1953-ஆம் ஆண்டின் கல்வித் திட்டம் 1954 மே மாதத்தில் கைவிடப்பட்டது. நம் சேரிப் பிள்ளைகளுக்குத் தந்தையின் தொழில் என்றால் பண்ணை வேலையும், செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும், பறையடிப்பதும் அன்றி வேறென்ன? கல்விச் சங்கம் ஒன்றின் மலரில் இதை நினைவுகூராமல் இருக்க இயலாது.

1957 ஏப்ரலில் காமராசர் மீண்டும் அமைச்சரவை அமைத்தார். மீண்டும் எண்மர், மீண்டும் நம்மவர் ஒருவர். பரமேசுவரன் இடம்பெறவில்லை. மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்த பி. கக்கன் பொதுப்பணித் துறையை ஏற்றார். அரிசன நலமும் அவரிடமே இருந்தது. வைகை அணை அவருடைய காலத்தில்தான், 1959-இல், திறக்கப்பட்டது. 1962-இல் அவர் வேளாண்மை அமைச்சரானார். 1963 அக்டோபரில் பக்தவத்சலம் முதலமைச்சரானபோது உள்துறை கக்கனிடம் வந்தது. காவல்துறையைக் கண்டால் தெருவை விட்டு ஒதுங்கிய மக்களுள் ஒருவரின் ஆணைக்குக் காவல்துறை கட்டுப்பட்டது.

ஆயினும் அமைச்சரவையில் ஓர் இடம் இருப்பது ஊரில் பாதுகாப்பாகிவிடாது. கக்கன் பதவியேற்ற ஐந்தாம் மாதத்தில், 1957 செப்டம்பர் 11 அன்று, இமானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர் வட்டாரம் எரிந்தது. அவ்வேளையில் அணைகளும் சாலைகளும் நம்மவர் கையில் இருந்தன, காவல்துறை இல்லை. அது கையில் வந்த பின்னரோ, 1965-இல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது நடந்த துப்பாக்கிச் சூடுகளின் பழியில் உள்துறை அமைச்சர் என்ற முறையில் கக்கனுக்கும் பங்கு வந்து சேர்ந்தது. 1967 தேர்தலில் அவர் மேலூரில் தோல்வியுற்றார்.

அவ்வாண்டு மார்ச் 6-ஆம் நாள் அண்ணா அமைத்த ஒன்பதின்மர் அமைச்சரவையில் சத்தியவாணி முத்து அம்மையார் இடம்பெற்றார். அவர் ஏற்ற துறைகளுள் முதன்மையாகப் பேசப்பட்டது அரிசன நலம்.