பெப்பருக்குத் தெரியாத தலையாட்டல்

தண்டலத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் ஆலை. ஐபோன் பொருத்தும் இந்த நிறுவனம்தான் பெப்பர் என்ற ரோபோவுக்கும் உடம்பு செய்து கொடுத்தது. இந்த ஆலையில் செய்யவில்லை. ஆனாலும் நம் ஊர்ப் பெண்கள் ஷிஃப்டுக்கு பஸ் ஏறுகிற கம்பெனியின் பெயர் அதில் இருப்பதால், அதன் கதையைத் தூரத்துக் கதை என்று விட முடியவில்லை.

பெப்பரை வடிவமைத்தது பாரிஸில் இருந்த ஆல்டெபரான் நிறுவனம். 2014 ஜூன் 5 அன்று ஜப்பானில் சாப்ட்பேங்க் நிறுவனத் தலைவர் மசயோஷி சன் அதை மேடையேற்றினார். மனிதரின் உணர்ச்சியைப் படிக்கும் ரோபோ என்பதே விளம்பரம். மறு ஆண்டு ஜூனில் விற்பனைக்கு வந்தது. முதல் 1,000 ரோபோக்களும் ஒரே நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தன.

நான்கடி உயரம், காலுக்குப் பதில் சக்கரம், மார்பில் ஒரு டேப்லெட். முகத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். புருவம் கிடையாது, வாய் அசையாது. கண்ணைச் சுற்றி நிறம் மாறும் விளக்குகள் மட்டும் உண்டு. மிச்ச உணர்ச்சியெல்லாம் குரலிலும் கைவீச்சிலும் தலையசைப்பிலும்தான். முகம் பேசாமல் விட்டதை எதிரில் நிற்பவர் தம் ஊர் வழக்கப்படி நிரப்பிக்கொள்கிறார்.

ஜப்பானில் கடை கடையாக நின்று வரவேற்ற இதே ரோபோ ஸ்காட்லாந்தில் தடுமாறியது. எடின்பரோவில் மார்கியோட்டா என்ற பல்பொருள் அங்காடியில் ‘ஃபாபியோ’ என்ற பெயரில் அதை வைத்துப் பார்த்தார்கள். பியர் எங்கே என்று கேட்டால், மது வகைகள் இருக்கும் பகுதியில் என்றது. வாடிக்கையாளர்கள் ஒதுங்கிப் போனார்கள். ஒரே வாரத்தில் வேலை போயிற்று. ஆனால் அதைப் பெட்டியில் வைத்து மூடியபோது கடை ஊழியர் ஒருவர் அழுதுவிட்டார். ஊருக்கு ஊர் மட்டுமா, ஒரே கடைக்குள்ளேயே பார்வை வேறாகிவிடுகிறது.

பெப்பரின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் வேறொன்று. 2017 முதல் 2020 வரை ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து பணம் போட்டு, ஜெனோவா பல்கலைக்கழகத்தின் தலைமையில், பண்பாடு தெரிந்த பெப்பரை உருவாக்க முயன்றார்கள். இந்தியப் பின்னணி உள்ள முதியவரைக் கண்டால் அது கைகூப்பும். பிரிட்டனில் முதியோர் இல்லங்களில் 33 பேரிடம் சோதித்தார்கள். அதனுடன் பழகியவர்களின் மனநலம் சற்றே மேம்பட்டதாக முடிவு வந்தது.

கைகூப்பியது நல்ல தொடக்கம்தான், ஆனால் போதாது. பெப்பரின் அசைவுத் தொகுப்பில் ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றுக்கு அசைவுகள் உண்டு; நம் ஊர்த் தலையாட்டல் அவற்றுக்குள் அடங்காது. தண்டலம் டீக்கடைக்கு வந்து பாருங்கள். இன்னொரு டீயா என்று மாஸ்டர் புருவத்தைத் தூக்கிக் கேட்பார். நைட் ஷிஃப்ட் முடித்தவர் தோள் பக்கம் தலையை லேசாகச் சாய்ப்பார். டீ வந்துவிடும். மேலும் கீழும் ஆட்டினால்தான் ஆமாம் என்று படித்த இயந்திரம் இதை என்னவென்று எடுத்துக்கொள்ளும்?

சிரிப்பு இதைவிடச் சிக்கல். மகிழ்ச்சி, சோகம், கோபம், வியப்பு என நான்கைப் பெப்பர் படிக்கும் என்றார்கள். தொல்காப்பியரோ மெய்ப்பாடு எட்டு என்றதோடு, நகை பிறக்கும் நான்கு இடங்களில் எள்ளலை முதலில் வைத்தார். கேலிச் சிரிப்பை மகிழ்ச்சிக் கணக்கில் எழுதிக்கொள்ளும் ரோபோவிடம் நம் பாட்டியை எப்படி ஒப்படைப்பது?

சுமார் 27,000 பெப்பர்களோடு 2020-இல் உற்பத்தி நின்றது. 2025-இல் ஆல்டெபரானும் திவாலானது. ஆனால் முகமுள்ள ரோபோக்கள் இதோடு நிற்கப்போவதில்லை. தண்டலத்துப் பொறியியல் கல்லூரிகளில் ரோபோ செய்கிற தம்பி தங்கைகளே, தலையசைப்புக்கு நிரல் எழுதும் முன் ஒரு நாள் சாலையோர டீக்கடையில் உட்கார்ந்து, நம் சனங்கள் எப்படியெல்லாம் ‘சரி’ சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாரிஸில் இருப்பவர் நமக்காக அதைச் செய்யமாட்டார்.