உள்ளரங்க 60 மீட்டர் ஓட்டம் (பெண்கள்)

உலக உள்ளரங்கத் தடகளப் போட்டிகளில் பெண்களுக்கான மிகக் குறுகிய ஓட்டம். 60 மீட்டர் ஏறத்தாழ 197 அடி. சுமார் 125 அடி உயரமுள்ள சங்கரன்கோவில் ராஜகோபுரத்தைத் தரையில் கிடத்தினால், அதன் நீளத்தில் ஒன்றரை மடங்குக்குச் சற்றே கூடுதல். முன்னணி வீராங்கனைகள் இத்தூரத்தை 7 வினாடியளவில் கடக்கின்றனர்.

ஓடுதளமும் விதிகளும்

உள்ளரங்க ஓடுதளத்தின் ஒரு சுற்று 200 மீட்டர். அதன் வளைவுகள் சரிவாக உயர்த்தப்பட்டிருக்கும். 60 மீட்டர் ஓட்டம் அச்சுற்றில் நடப்பதில்லை. நடுவே நேராக அமைந்த தடங்களில் நடக்கிறது. கூரைக்குள் 100 மீட்டர் நேர்த்தடத்துக்கு இடம் காண்பது அரிது என்பதால் இத்தூரம் நிலைபெற்றது. காற்றின் தாக்கம் இல்லை. ஆகவே காற்றுவேகம் அளப்பதும் இல்லை. துப்பாக்கி ஒலித்து 0.1 வினாடிக்குள் கிளம்பினால் அது தவறான தொடக்கம். முடிவுக்கோட்டைத் தாண்டியபின் வேகத்தை அடக்கச் சில மீட்டர்களே இருப்பதால் எதிரே மெத்தைத் தடுப்பு வைப்பார்கள்.

தொடக்கம்

ஐரோப்பிய உள்ளரங்கப் போட்டி 1970இல் வியன்னாவில் முறைப்படி தொடங்கியது. பிரான்சின் கிரனோபிளில் அது நடந்த 1972, 1981 ஆகிய ஆண்டுகளில் தூரம் 50 மீட்டராகக் குறைந்தது.

உலக அளவில் எது முதல் போட்டி என்பதில் பட்டியல்கள் ஒத்துப்போவதில்லை. 1985 ஜனவரியில் பாரிசில் நடந்த உலக உள்ளரங்க விளையாட்டுகளைச் சிலர் கணக்கில் சேர்ப்பர். அதில் கிழக்கு ஜெர்மனியின் சில்கே கிளாடிஷ் 7.20 வினாடியில் வென்றார். வேறு சிலர் 1987 இண்டியானாபொலிஸ் போட்டியிலிருந்தே தொடங்குவர்.

1987 முதல் 1995 வரை

இக்காலத்தின் முதல் பெயர் நெல்லி கூமான். சுரினாமில் பிறந்து நெதர்லாந்துக்காக ஓடியவர். 1986இல் மாட்ரிட்டில் 7.00 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். 1987இல் 7.08 வினாடியில் உலகப் பட்டம் வென்றார். 1989 புடாபெஸ்ட்டில் 7.05 வினாடியில் அதைத் தக்கவைத்தார். ஐரோப்பிய உள்ளரங்கப் பட்டத்தை 1985 முதல் 1989 வரை ஐந்து முறை தொடர்ந்து வென்றவர், ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் 1994இல் ஆறாவது முறையும் வென்றார். திறந்தவெளி 100 மீட்டரில் அவருக்கு உலகப் பட்டமோ ஒலிம்பிக் பதக்கமோ கிட்டவில்லை.

1987இல் இரண்டாவதாக வந்த கனடாவின் ஏஞ்செலா இசஜென்கோ, ஊக்கமருந்து எடுத்ததை 1989இல் டூபின் விசாரணை ஆணையத்தின் முன் ஒப்புக்கொண்டார். அவரது வெள்ளிப் பதக்கம் நீக்கப்பட்டது.

1991 செவில் போட்டியை 7.02 வினாடியில் வென்ற இரினா செர்கேயெவாவும் பின்னாளைய இரினா பிரிவலோவாவும் ஒருவரே. 1993 பிப்ரவரியில் மாட்ரிட்டில் 6.92 வினாடியில் ஓடி அவர் உலக சாதனை படைத்தார். அடுத்த மாதமே டொராண்டோ இறுதியில் அமெரிக்காவின் கெயில் டிவர்ஸ் 6.95 வினாடியில் முந்த, பிரிவலோவா 6.97 வினாடியுடன் இரண்டாமிடம் பெற்றார். டிவர்ஸ் தைராய்டு நோயால் பாதங்களையே இழக்கும் நிலைக்குப் போய் மீண்டவர். பிரிவலோவா 1995இல் மாட்ரிட்டிலேயே 6.92ஐ மீண்டும் எட்டினார். அந்நேரம் 2025 வரை முறியடிக்கப்படவில்லை. 1995 பார்சிலோனாவில் ஜமைக்காவின் மெர்லின் ஓட்டி 6.97 வினாடியில் வென்றார்.

பிற்காலம்

டிவர்ஸ் 1997இலும், தம் 37ஆம் வயதில் 2004இலும் மீண்டும் வென்றார். ஆசியாவில் நடந்த முதல் உலக உள்ளரங்கப் போட்டியில் (மயேபாஷி, 1999) கிரேக்கத்தின் எகடெரினி தானு 6.96 வினாடியில் முதலிடம் பெற்றார். 2010 தோகாவில் வழங்கப்பட்ட வெள்ளி, ஊக்கமருந்துச் சோதனைக்குப் பின் பறிக்கப்பட்டது. ஜூலியன் ஆல்ஃபிரட் (2024) செயின்ட் லூசியாவுக்கு இப்போட்டியின் முதல் பதக்கத்தைத் தங்கமாகவே தந்தார். சுவிட்சர்லாந்தின் முஜிங்கா கம்புன்ஜி 2022, 2025 ஆண்டுகளில் வென்றார்.

உலக உள்ளரங்க 60 மீட்டர் வெற்றி 100 மீட்டர் வெற்றிக்கு முன்னறிவிப்பா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஆல்ஃபிரட் அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்றதை ஒரு சாரார் சுட்டுவர். மறு சாராருக்குக் கூமான் சான்று.

இந்தியா

இந்தியப் பெண்களின் பங்கு பெரிதும் ஆசிய உள்ளரங்கப் போட்டி வழியாகவே அறியப்படுகிறது. ஒடிசாவின் டூட்டி சந்த் 2016 பிப்ரவரியில் தோகாவில் தகுதிச் சுற்றில் 7.28 வினாடியில் ஓடித் தேசிய சாதனை படைத்தார், இறுதியில் 7.37 வினாடியில் வெண்கலம் பெற்றார். உடலின் ஆண்மை இயக்குநீர் அளவு தொடர்பான விதியால் அவர் 2014இல் ஒதுக்கப்பட்டிருந்தார்; விளையாட்டு நடுவர் மன்றம் அவ்விதியை 2015இல் நிறுத்திவைத்தது. 2016 மார்ச்சில் போர்ட்லாந்தில் நடந்த உலகப் போட்டியில் அரையிறுதி வரை சென்றார். 2023இல் ஊக்கமருந்துக் குற்றத்துக்காக நான்காண்டுத் தடை பெற்றார்.

இதே தூரத் தடை ஓட்டத்தில் ஆந்திரத்தின் ஜோதி யர்ராஜி, ஆசிய உள்ளரங்கப் போட்டிகளில் 2023 அஸ்தானாவில் 8.13 வினாடியில் வெள்ளியும், 2024 தெஹ்ரானில் 8.12 வினாடியில் தங்கமும் வென்றார்.

புவனேஸ்வரின் கலிங்கா விளையாட்டு வளாகத்தில் உள்ளரங்கத் தடகள மையம் உள்ளது. தேசிய அளவிலான மாவட்டங்களுக்கிடையேயான இளையோர் போட்டியில் 16 வயதுக்குட்பட்டோர் 60 மீட்டர் ஓடுகின்றனர். அது திறந்தவெளியில் நடக்கிறது. தமிழகப் பள்ளிகளின் குறுவட்டப் போட்டிகளில் தடையில்லா ஓட்டங்கள் 100 மீட்டரிலிருந்து தொடங்குவதால், சங்கரன்கோவில் பகுதி மாணவிகள் இத்தூரத்தைப் பெரும்பாலும் மாவட்ட அணித் தேர்வில்தான் முதன்முதலாக ஓடக்கூடும்.