வாக்குச் சீட்டுக்கு முந்திய வாசல்கள்: இல்லினாய் மாநிலத்தின் 13ஆம் செனட் தொகுதி

ஒரு சட்டசபைத் தொகுதியின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் தேர்தல் நடந்த ஆண்டுகளையும், வென்றவர் பெயர்களையும், அவர் பெற்ற வாக்குகளையும் நிரல்பட எழுதி, அந்த அட்டவணையே அந்நிலத்து மக்களின் விருப்பத்திற்குச் சாசனம் என்று கொண்டுவிடுகின்றனர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோ நகரின் தென்பாகத்தை நிலைக்களமாகக் கொண்ட 13ஆம் செனட் தொகுதி, இம்முறை எத்துணைக் குறையுடையது என்பதைக் காட்டத் தக்கதோர் உதாரணம். பராக் ஒபாமா முதன்முதலில் பதவி வகித்த இடம் என்ற அளவில் உலகம் அதனை அறியும். ஆனால் அவருக்கு முன்னும் பின்னும் அவ்விடத்தில் அமர்ந்தோர் எவ்வாறு அங்கு வந்து சேர்ந்தனர் என்று நோக்கினால், பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் காரியம் வாக்குச் சாவடிக்கு வெகுமுன்னரே, எல்லை வரைதல், மனுத் தாக்கல், காலியிட நியமனம் ஆகிய மூன்று வாசல்களில் முடிந்துவிட்டிருப்பது புலனாகும். இதனை நிறுவுவதும், இதிலிருந்து பிறக்கும் கேள்வியை ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவது எல்லை. நதியும் மலையும் வகுத்த நாடு போலத் தொகுதியும் நிலைபெற்றது என்று எண்ணுவது பிழை. எண் மாத்திரமே நிலைக்கிறது, நிலம் அதன் அடியில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1901 முதல் 1955 வரை இல்லினாய் சட்டசபை தன் தொகுதிகளைத் திருத்தவே இல்லை. நகரில் ஜனத்தொகை பெருகப் பெருக நகரத்தார் வாக்கின் மதிப்புக் குறைந்துகொண்டே வந்தது. மாநிலச் சட்டசபைகளின் இரு அவைகளிலும் தொகுதிகள் ஜனத்தொகைக்கு ஒத்து அமைய வேண்டும் என்று 1964இல் ஐக்கிய நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே அந்தப் பழைய ஏற்பாடு தகர்ந்தது. அதையடுத்து 1966இல் நடந்த தேர்தலில் வென்று, 1967 முதல் 1991 வரை சிகாகோவின் தென்பாகத்திற்காகச் செனட்டில் அமர்ந்தவர் ரிச்சர்ட் நியூஹவுஸ். 1975இல் மேயர் ரிச்சர்ட் டேலியை எதிர்த்து ஜனநாயகக் கட்சி தன் அபேட்சகரைத் தெரிவு செய்யும் முன்தேர்தலில் நின்ற கறுப்பினத் தலைவர் அவர். கட்சி நிர்வாகத்தின் பிடிக்கு எளிதில் இசையாத, அத்தென்பாகத்து ஹைட் பார்க் சுற்றுவட்டாரத்தின் சுதந்திர மனப்பான்மை அவரிடத்தில் உருப்பெற்றிருந்தது எனலாம்.

எல்லையை வரைபவர் யார் என்ற கேள்விக்கு மாநிலத்தின் 1970ஆம் ஆண்டு அரசியல் சாசனம் தந்த விடை விசித்திரமானது. சட்டசபையால் இணக்கம் காண இயலாதபோது இரு கட்சியாரும் சம அளவில் அமர்ந்த எட்டுப் பேர் கமிஷன் கூட வேண்டும். கமிஷனும் பிளவுபட்டால், மாநில உச்ச நீதிமன்றம் வெவ்வேறு கட்சிகளைச் சேர்ந்த இருவர் பெயரைத் தர, மாநிலச் செயலர் அவற்றுள் ஒன்றைக் குலுக்கி எடுத்து ஒன்பதாம் அங்கத்தினரைச் சேர்க்க வேண்டும். சீட்டுக்குலுக்கலுக்கு அஞ்சிக் கட்சிகள் சமரசம் செய்துகொள்ளும் என்பது சாசனம் வகுத்தோர் எதிர்பார்ப்பு. அதற்கு மாறாக 1981, 1991, 2001 ஆகிய மூன்று முறையும் கட்சிகள் அதிர்ஷ்டத்தையே நம்பின. 1991இல் சீட்டுக் குடியரசுக் கட்சிக்கு விழுந்தது. அவ்வரைபடத்தில் 13ஆம் தொகுதி ஹைட் பார்க், கென்வுட் பகுதியிலிருந்து தெற்கே சவுத் ஷோர் வரையிலும், உள்நிலம் நோக்கி மேற்கே சிகாகோ லான் வரையிலும் நீண்டு கிடந்தது. 2001இல் லிங்கன் அணிந்த நெடுந்தொப்பியின் மாதிரியொன்றில் கையிட்டுச் செயலர் ஜெஸ்ஸி ஒயிட் எடுத்த சீட்டில் ஜனநாயகக் கட்சியினரான மைக்கேல் பிலாண்டிக்கின் பெயர் வந்தது. அதன்பின் மேற்கே நீண்ட கை சுருங்கி, தொகுதி மிச்சிகன் ஏரிக்கரையை ஒட்டி வடக்கே செல்வர் வாழும் கோல்ட் கோஸ்ட் வரை ஏறியது. கறுப்பின மக்களே பெரும்பான்மையினராக நீடித்த போதிலும், நகரின் செல்வாக்குள்ள வெள்ளையர் பலரும் ஒபாமாவின் தொகுதிவாசிகளாயினர். 2004இல் அவர் ஐக்கிய நாட்டுச் செனட்டுக்குப் போட்டியிட்டபோது இவ்வேரிக்கரை அவருக்கு உறுதுணையாயிற்று. ஒரு தொப்பியிலிருந்து வந்த காகிதத் துண்டு எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது வாசல் மனுத் தாக்கல். நியூஹவுஸுக்குப் பின் அவ்விடத்தில் இருந்த ஆலிஸ் பாமர், 1995இல் ஐக்கிய நாட்டுப் பிரதிநிதிகள் சபையில் காலியான ஓரிடத்தை நாடிச் சென்றார். அவர் விட்டுச்செல்லும் செனட் இடத்திற்கு ஒபாமா அபேட்சகரானார். அவ்வாண்டு நவம்பர் 28இல் நடந்த முன்தேர்தலில் பாமர் ஜெஸ்ஸி ஜாக்சன் ஜூனியரிடம் தோற்று, பழைய இடத்திற்கே திரும்ப விழைந்து, எஞ்சியிருந்த சில நாட்களில் அவசரமாக வாக்காளர் கையெழுத்துகளைத் திரட்டித் தம் மனுவைத் தாக்கல் செய்தார். அக்கையெழுத்துகளில் பல செல்லத்தக்கனவல்ல என்று ஒபாமாவின் தரப்பார் ஒவ்வொன்றாக ஆட்சேபிக்க, பாமர் போட்டியிலிருந்து விலகினார். ஏனைய எதிரிகளின் மனுக்களும் அவ்வாறே வீழ்ந்தன. 1996 மார்ச் முன்தேர்தலில் ஒபாமாவின் பெயர் ஒன்றே சீட்டில் நின்றது. ஜனநாயகக் கட்சிக்கு அசைக்க முடியாத பலமுள்ள அத்தொகுதியில், நவம்பர் மாதப் பொதுத் தேர்தல் சடங்கு என்ற அளவினதே. சட்டத்திற்கு உட்பட்ட இச்செயலைக் குற்றம் என்று கூறுவதற்கில்லை. எனினும் அவ்வாண்டு அத்தொகுதி வாக்காளர், மெய்யான போட்டி நிகழக்கூடிய ஒரே களத்தில், தெரிவு செய்யும் வாய்ப்பைப் பெற்றாரல்லர்.

மூன்றாவது வாசலே மிகக் குறுகியது. நம் இந்திய நாட்டில் சட்டசபை இடம் ஒன்று காலியானால் ஆறு மாதத்திற்குள் இடைத்தேர்தல் நடத்துவது பொது விதி. இல்லினாயிலோ, விலகியவரின் கட்சியைச் சேர்ந்த வார்டுத் தலைவர்கள் முப்பது நாட்களுக்குள் கூடி, தத்தம் வார்டில் விழுந்த கட்சி வாக்குகளின் எடைக்கேற்ப வாக்களித்து, அக்கட்சிக்காரர் ஒருவரையே நியமிக்கின்றனர். எஞ்சிய பதவிக்காலம் இருபத்தெட்டு மாதத்திற்கு மேற்பட்டால்தான் அடுத்த பொதுத் தேர்தலில் அவ்விடம் மக்கள் முன் வரும். 1991இல் ஆலிஸ் பாமரும், ஒபாமா விலகிய 2004 நவம்பரில் ஹைட்டியிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த க்வாமி ரவூலும், ரவூல் மாநில அட்டர்னி ஜெனரலான 2019 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்ஸும் இவ்வழியே உள்ளே வந்தவர்கள். ரவூல் 2006இலும் பீட்டர்ஸ் 2020இலுமே வாக்காளர் முன் நின்றனர். அப்போது அவர்கள் புதியவர்களல்லர், பதவியின் பெயரும் பலமும் பெற்றுவிட்ட அங்கத்தினர்கள். ஆக, நியூஹவுஸுக்குப் பின் வந்த நால்வரில் மூவர் நியமனத்தாலும், ஒருவர் எதிரிகளின் மனுக்கள் வீழ்ந்தமையாலும் முதலடி எடுத்து வைத்தனர் என்பது தெளிவு.

இதற்கு வலுவானதொரு மறுப்பு உண்டு: வாசல் எதுவாயினும் வந்தவர்கள் தகுதியற்றவர்களா என்பதே அது. உண்மையில், இத்தொகுதி அனுப்பிய மூவரின் சட்டப் பணியில் அறுபடாத ஓர் இழை ஓடுகிறது. சிகாகோவின் தென்பாகத்தில் ஜான் பர்ஜ் என்ற போலீஸ் அதிகாரியின் கீழ்க் கறுப்பினக் கைதிகளைச் சித்திரவதை செய்து வாக்குமூலம் பெற்ற கொடுமை வெளிப்பட்டதும், 1977க்குப் பின் பன்னிருவருக்கு மரண தண்டனை நிறைவேற்றிய மாநிலம் பதின்மூவரைக் குற்றமற்றவரென்று மரணக் கொட்டடியிலிருந்து விடுவிக்க நேர்ந்ததும், 2000இல் ஆளுநர் ஜார்ஜ் ரையன் தண்டனை நிறைவேற்றத்தை நிறுத்தியதும் அம்மக்களின் நெஞ்சில் ஆழப் பதிந்திருந்தன. கொலை வழக்கு விசாரணைகளைப் பதிவு செய்யக் கட்டாயப்படுத்திய 2003ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒபாமா முன்னின்று நிறைவேற்றினார். 2011இல் மரண தண்டனையை ஒழித்த மசோதாவைச் செனட்டில் நடத்திச் சென்றவர் ரவூல். 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பண ஜாமீன் ஒழிப்புக்கு முன்னணியில் நின்றவர் பீட்டர்ஸ். எல்லைகள் மாறின, ஆட்கள் மாறினர். தொகுதியின் மனச்சாட்சி மாறவில்லை.

இம்மறுப்பு நம் துணிபைத் தகர்ப்பதில்லை. அதன் எல்லையைத்தான் வரையறுக்கிறது. யார் உள்ளே வருவது என்பதைச் சிலர் முடிவு செய்தாலும், வந்தவர் எத்திசையில் நடந்தால் அங்கே நிலைக்கலாம் என்பதை அந்நிலத்தின் பொது அபிப்பிராயமே தீர்மானித்தது என்று கொள்வதற்கு இங்கு இடமிருக்கிறது. ஆனால் அவ்வாறு கொண்டால், நல்விளைவுக்குக் காரணம் அம்முறையன்று, விழிப்புள்ள ஜனசமூகமே என்றும் உடன் கொள்ள வேண்டும். அவ்விழிப்பு இல்லாத வேறொரு தொகுதியில் இதே மூன்று வாசல்கள் எத்தகையோரை உள்ளே விடும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். ஆதலின் தொகுதி வரலாறு எழுதுவோர் வென்றவரின் பெயருக்கு எதிரே அவர் பெற்ற வாக்கை மட்டும் குறித்து அமையாமல், அவர் எவ்வாசல் வழியே வந்தார் என்பதையும், அவ்வாசலில் நின்று திரும்பிப் போனவர் யார் என்பதையும் குறித்தாக வேண்டும். அப்பொழுதுதான் 1996ஆம் ஆண்டின் வரிசையில், வெற்றி பெற்ற ஒபாமாவின் பெயருக்கு அருகே, வாக்குச் சீட்டை எட்டாமலே நின்றுபோன ஆலிஸ் பாமரின் பெயரும் உரிய இடத்தைப் பெறும்.