ஃபினிஷ்

"பிரியாணிய ஃபினிஷ் பண்ணிட்டியா?" என்றால் சாப்பிட்டு முடித்தாயா என்று பொருள். ஆம்பூர் டேனரியில் "இந்த லாட் ஃபினிஷிங்குக்குப் போகுது" என்றால் தோலுக்குச் சாயமும் மினுக்கும் ஏற்றப் போகிறார்கள். சினிமா வில்லன் "அவன ஃபினிஷ் பண்ணிடு" என்றால் கொலை. முடிவு, எல்லை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து கிளைத்த ஒரே வினைச்சொல்தான் இது. ஆனா பாலாற்றங்கரையின் நூறு வருஷக் கதையை இந்த மூன்று அர்த்தங்களை வச்சே சொல்லிடலாம்.

பிரிட்டிஷ் காலத்தில் வட ஆற்காட்டுத் தோல்கள் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிடப்பட்டன. சந்தையில் அதுக்குப் பேரு 'ஈஸ்ட் இந்தியா' தோல். அது பாதி வேலை முடிந்த சரக்கு. பெரும்பகுதி இங்கிலாந்துக்குக் கப்பலேறும். சாயமேற்றி, மெருகேற்றி, ஷூவும் பையுமாக ஆக்குவது அங்கே. சுண்ணாம்புத் தொட்டியில் நின்று முடியும் சதையும் சுரண்டுகிற வேலை நமக்கு. விலை கூடுகிற வேலை அவர்களுக்கு. விடுதலைக்குப் பிறகும் கால் நூற்றாண்டு பெரும்பாலும் இதே நிலைதான்.

1972இல் சீதாராமையா கமிட்டி இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. அதன்பின் பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடையும், பாதி பதனிட்ட தோலுக்குக் கட்டுப்பாடும் வந்தன. இனிமே முடித்த சரக்கைத்தான் அனுப்பணும். 1948 முதல் அடையாறில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொழில்நுட்பத்துக்குக் கைகொடுத்தது. ஷூ கம்பெனிகள் பெருகின. காலையில் கம்பெனி வண்டியைப் பிடிக்க ஓடும் பெண்களின் கைக்கு மாதச் சம்பளம் வந்தது. இதைச் சின்ன விஷயம்னு யாரும் சொல்ல முடியாது.

கூடவே மூன்றாவது அர்த்தமும் வந்து சேர்ந்தது. பட்டைச்சாற்றில் வாரக்கணக்கில் ஊறிய தோல், குரோம் உப்பில் சில நாளில் பதமானது. வேகம் கூடியது, கழிவும் கூடியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் வந்த தீர்ப்பில் உள்ள எண்களைப் பாருங்க: ஒரு கிலோ ஃபினிஷ்டு லெதருக்கு 35 லிட்டர் தண்ணீர், டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழ். ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்றார் நீதிபதி குல்தீப் சிங். இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே அடித்தளமான தீர்ப்புகளில் ஒன்று அது. 28 வருஷத்துக்கு மேல் கழித்து, 2025 ஜனவரியில், அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

லண்டன் செய்த வேலையை ஆம்பூர் வாங்கிக்கொண்டபோது, அதன் அழுக்கையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. அந்த ஷூவைப் போடுகிறவர் தருகிற விலையில் பாலாற்றின் பங்கு மட்டும் சேர்க்கப்படவில்லை.

தமிழில் 'தீர்' என்ற வினையும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும். சாப்பாடு தீரும், கிணத்துத் தண்ணி தீரும், ஆளைத் தீர்த்துக்கட்டலாம். ஆனா ஃபினிஷில் இல்லாத இரண்டு சொற்கள் அதிலிருந்து பிறக்கும்: தீர்ப்பு, தீர்வு. வட ஆற்காட்டுக்கு முதலாவது இரண்டு தடவை கிடைத்துவிட்டது. இரண்டாவது இன்னும் வரவில்லை.