பழுது பார்த்தவர்கள் வளர்த்த துல்லியம்

சிங்காரப்பேட்டையிலிருந்து ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் போகிறவர்கள் சூளகிரிக்கு அருகே 78 பாகை நெட்டாங்கைக் கடக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் லாம்டன் தொடங்கிய மாபெரும் நில அளவையின் முதன்மைத் தொடர் இந்த நெட்டாங்கை ஒட்டித்தான் சென்றது. இன்று இதே வட்டாரம் நுண்பொறியியல் தொழிலுக்குப் பெயர் பெற்றிருக்கிறது. இவ்விரு காலங்களையும் இணைக்கும் இழை ஒன்று உண்டு. இந்நாட்டில் நவீன அளவைக் கருவித் தொழில், கெட்டுப்போன கருவியை மீட்டெடுத்தவர்களின் கையில்தான் முதலில் வளர்ந்தது.

லாம்டனின் பெரிய தியோடலைட்டை லண்டனில் வில்லியம் கேரி செய்தார். அரை டன் எடை. கோணம் அளக்கும் கிடைவட்டத்தின் விட்டம் 36 அங்குலம். அந்த வட்டத்தின் விளிம்பில் ஒரு பாகை ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். பாகையை 3600ஆகப் பிரித்த ஒரு விகலையோ, மில்லிமீட்டரில் ஏறத்தாழ நானூற்றைம்பதில் ஒரு பங்குதான். வட்டம் மயிரிழை கோணினாலும் அளவு பிழைத்துவிடும்.

1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதை உயரே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. வட்டம் நெளிந்தது. லண்டனிலிருந்து வேறு கருவி வர ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு, தலைமைக் கைவினைஞர்களைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. கருவியை முழுவதும் பிரித்தார்கள். அகன்ற பலகையில் சரியான அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, நெளிந்த வளையத்தை ஆப்பு, திருகு, கப்பி ஆகியவற்றால் சிறிது சிறிதாக இழுத்து அந்த வட்டத்துக்குள் பொருத்தினார்கள். வளைந்த ஆரைகளைச் சிறு மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார்கள். ஆறு வாரத்தில் கருவி ஏறக்குறைய பழைய வடிவத்துக்கு வந்துவிட்டது. இந்தச் செய்தியைப் பதிவு செய்தவர், லாம்டனுக்குப் பின் இந்த அளவையை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட். கூடாரத்தில் உழைத்த கைவினைஞர்களின் பெயர்கள் அந்தக் கதையில் இல்லை.

அடுத்த தலைமுறையில் ஒரு பெயர் கிடைக்கிறது. ஆற்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் ஹுசைன் சென்னையில் கைத்தொழில் செய்துவந்தார். அவருடைய திறமையைக் கண்ட தலைமை நில அளவையாளர் வாலன்டைன் பிளாக்கர், 1820களில் அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார். 1830இல் எவரெஸ்ட், லண்டனிலிருந்து ஹென்றி பேரோ என்ற கருவி வல்லுநரை வரவழைத்தார். லாம்டனின் பழைய தியோடலைட்டும் பேரோவின் கல்கத்தா பட்டறையில்தான் புதுப்பிக்கப்பட்டது. 1839இல் பேரோ வெளியேறியபின் பொறுப்பு மொஹ்சின் ஹுசைன் மீது விழுந்தது. அவர் ஐரோப்பாவைப் பார்த்தவரில்லை. ஆங்கிலம் தெரியாதவர் என்ற ஆட்சேபத்தைத் தாண்டி, எவரெஸ்டின் பரிந்துரையால் 1843இல் அரசின் கணிதக் கருவி வல்லுநர் பதவியில் அமர்ந்தார். கல்கத்தா பட்டறையின் வழிவந்த நிறுவனம் 1957இல் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனமாயிற்று.

வட்டத்தைச் சம பாகமாகப் பிரிப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நிலை. ஜெஸ்ஸி ராம்ஸ்டன் 1770களில் லண்டனில் உருவாக்கிய பிரிப்பு இயந்திரத்தின் 45 அங்குலச் சக்கரத்தில் 2160 பற்கள் இருந்தன. அந்தப் பற்களோடு பொருந்தும் திருகை ஆறு முறை சுற்றினால் சக்கரம் ஒரு பாகை நகரும். அந்தத் திருகைத் துல்லியமாக வெட்டவே அவர் தனியாக ஒரு லேத்தை வடிவமைக்க வேண்டியிருந்தது. கருவி செய்ய இயந்திரம் வேண்டும், அந்த இயந்திரத்தைச் செய்ய அதற்கு முந்தைய இயந்திரத்தை மாற்றியமைக்க வேண்டும் என்பதே அன்றைய நிலை.

இன்று மில்லிங் மிஷினில் மாட்டும் இன்டெக்சிங் ஹெட்டும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. கைப்பிடியை 40 முறை சுற்றினால் பொருள் ஒரு முழுச் சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 9 பாகை. துளைத்தட்டின் துணையோடு அதற்கும் நுண்ணிய பிரிவுகளைப் பெறலாம்.

விடுதலைக்குப் பின் இந்தத் திறமை நம் மாநில எல்லையையொட்டி வேரூன்றியது. பெங்களூரில் 1953இல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் துணையோடு ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் (எச்.எம்.டி.) தொடங்கியது. லேத் செய்த அந்த நிறுவனமே 1961இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து கைக்கடிகாரமும் செய்யத் தொடங்கியது. 1984இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் இணைந்து டைட்டனை நிறுவி, ஓசூரில் ஆலை அமைத்தன. தன் கடிகாரங்களுக்காக இயந்திரம் கட்டும் திறனை வளர்த்துக்கொண்ட டைட்டன், பின்னர் பிறருக்கும் இயந்திரங்கள் செய்துகொடுக்கும் தனிப் பிரிவை உருவாக்கியது.

கெட்டதை மீட்டெடுக்கும் அந்தப் பழைய வேலை பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. பழைய லேத்தை நுண்கருவி வேலைக்குத் தயார் செய்யும்போது முதலில் கவனிக்க வேண்டியது, வெட்டுக்கருவியைத் தாங்கும் சேடில் நகரும் அதன் பெட்தான். வேலை பெரும்பாலும் சக்குக்கு அருகிலேயே நடப்பதால் அந்தப் பகுதி மட்டும் அதிகம் தேய்ந்திருக்கும். சேடில் அங்கே போனதும் தாழும், கடையும் உருளையின் விட்டம் மாறும். ஃபிட்டர் சமன்பட்டைக்கு நீலம் பூசிப் பெட்டின் மீது தேய்த்துப் பார்ப்பார். நீலம் ஒட்டும் இடம் மேடு. அதை மட்டும் ஸ்கிரேப்பரால் இழை இழையாகச் சுரண்டி, மறுபடி நீலம் வைத்துப் பார்ப்பார். நீலப் புள்ளிகள் பெட் முழுவதும் ஒரே சீராகப் பரவும் வரை இது தொடரும். பின்னர் டயல் கேஜை வைத்து ஸ்பிண்டிலின் ஆட்டத்தையும் லீட் ஸ்க்ரூவின் பிளேயையும் சரிசெய்வார்.

பலகையில் வட்டம் வெட்டி வளையத்தை மீட்டவர்களின் முறையும் இதுதான்: சரியான வடிவத்தை முதலில் நிறுவி, சிதைந்ததை அதற்கு ஒத்துவரச் செய்வது. தொழில் வரலாறுகள் நிறுவனங்களையும் தொடக்க ஆண்டுகளையும் குறிக்கின்றன. பெட் சுரண்டியவரையும் வளையம் நிமிர்த்தியவரையும் குறிப்பதில்லை. ஓசூர், கிருஷ்ணகிரிப் பட்டறைகளின் மூத்த ஃபிட்டர்களிடம் இந்த அறிவு இன்னும் இருக்கிறது. அவர்களின் முறைகளைப் படத்தோடும் அளவோடும் பதிவு செய்து, இப்பகுதியின் ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் பாடமாக்கும் வேலையை அவர்கள் பணியில் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.