கோபுலு

கோபுலு (18 ஜூன் 1924 – 29 ஏப்ரல் 2015): தமிழ் இதழ்களின் முன்னோடிக் கேலிச்சித்திரக்காரர்களுள் ஒருவர், ஓவியர். இயற்பெயர் கோபாலன். தஞ்சாவூரில் பிறந்தவர், கும்பகோணம் அரசு ஓவியப் பள்ளியில் பயின்றவர்.

தமிழ் இதழியலில் கேலிச்சித்திரத்துக்கு வழி திறந்தது, 1906இல் தொடங்கிய பாரதியாரின் ‘இந்தியா’ வார இதழ். பின்னர் ஆனந்த விகடனில் அக்கலையை வளர்த்தவர் மாலி. அவர் கண்டெடுத்த இளைஞர்களுள் ஒருவரே கோபுலு. அந்தப் புனைபெயரைச் சூட்டியவரும் மாலிதான். 1940களில் விகடனில் சேர்ந்த கோபுலு, அட்டைப்படம், நகைச்சுவைத் துணுக்கு, தொடர்கதை ஓவியம் என எல்லாவற்றையும் வரைந்தார்.

வசனமே இல்லாமல் சிரிக்கவைக்கும் துணுக்குகள் இவருடைய தனி முத்திரை. சில கோடுகளில் ஆளின் குணம் தெரிந்துவிடும். பின்னணியில் நிற்பவருக்கும் ஒரு முகபாவம் இருக்கும். கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடரில் நாகஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரத்துக்கும் மோகனாம்பாளுக்கும் உருவம் தந்தவர் இவரே. பின்னாளில் வந்த திரைப்படத்துக்கு முன்பே வாசகர் மனத்தில் அந்த முகங்கள் பதிந்துவிட்டன. சாவியின் ‘வாஷிங்டனில் திருமணம்’ தொடருக்கும் இவரே படம் வரைந்தார்; அமெரிக்காவில் நடக்கும் தஞ்சாவூர்ப் பாணிக் கல்யாணக் கலாட்டாவைக் கதைக்கு இணையாக அவை சொல்லின.

விகடனிலிருந்து விலகிய பின் விளம்பரத் துறையில் பணியாற்றி, ‘ஆட்வேவ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தபோது இடக்கையால் வரையப் பழகினார். தமிழக அரசின் கலைமாமணி விருது பெற்றவர். சென்னையில் காலமானார்.