கட்டம் கற்பனை, கூலி நிஜம்

இனம் என்பது நிஜமா, வசதிக்காக உண்டாக்கிய கற்பனையா? தத்துவக்காரர்களின் இந்தக் கேள்விக்கு மலேசியத் தமிழர்களிடம் ஒரு பழைய பேரேடு இருக்கிறது: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.

1871-இல் நீரிணைக் குடியேற்றங்களில் எடுத்த கணக்கில் ‘இந்தியர்’ என்ற பொதுத் தலைப்பு கிடையாது. நீண்ட பட்டியல் ஒன்றில் ‘கிளிங்’, ‘இந்து’, ‘பார்சி’ எல்லாம் தனித்தனியாகக் கிடந்தார்கள். 1891-இல் அதைச் சில பெருந்தலைப்புகளாகச் சுருக்கியபோது நாம் ‘தமிழரும் இந்தியாவின் பிற மக்களும்’ ஆனோம். வெறும் ‘இந்தியர்’ ஆனது அதற்கும் பிறகு. 1931 கணக்கெடுப்பை நடத்திய வ்லீலண்ட் என்ற அதிகாரியே, இனம் என்ற சொல்லுக்குத் துல்லியமான வரையறை தரமுடியாது என்று எழுதிவைத்தார்.

பிரிக்பீல்ட்ஸைப் பாருங்கள். ரயில்வேயில் வேலை பார்க்க வந்த யாழ்ப்பாணத்துக்காரர்கள் குடியேறிய இடம். 1957 கணக்கெடுப்பு இலங்கைத் தமிழரை ‘மற்றவர்’ பகுதியில் வைத்தது. பிந்தைய கணக்கெடுப்புகளில் அவர்கள் ‘இந்தியர்’. ஆளும் மாறவில்லை, அவர்கள் கும்பிடும் ஸ்காட் சாலை கந்தசுவாமியும் மாறவில்லை. கட்டம்தான் மாறியது. அப்படின்னா எல்லாம் கற்பனைதானே?

இந்த இடத்தில் எனக்குக் கிள்ளான் ஞாபகம் வருகிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னால் நின்றது ஆர்.எச். நாதனின் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். பால்மரத் தோட்டத்தில் சீனத் தொழிலாளியைவிட இந்தியத் தொழிலாளிக்குக் கூலி குறைவு. சமக்கூலி கொடு என்றார்கள். துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்கணும் என்ற வழக்கத்தை ஒழி என்றார்கள். நாதனைக் கைதுசெய்து நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

பேரேட்டில் எவரோ இழுத்த கோடு கூலியில் காசாகக் குறைந்தது. அந்தக் காசு கற்பனை இல்லை. அதே கோட்டுக்குள் நின்றுதான் அவர்கள் ஒன்றுசேரவும் செய்தார்கள். சங்கத்தின் பெயரிலேயே ‘இந்தியர்’ இருக்கிறது. மனிதர்களுக்கு வகை உண்டாக்கினால் அவர்கள் அதற்கேற்ப மாறுவார்கள், மாறியவர்கள் அந்த வகையையும் மாற்றுவார்கள் என்றார் இயான் ஹேக்கிங். கிள்ளானில் நடந்தது கிட்டத்தட்ட அதுதான்.

ஆகவே ‘நிஜமா, கற்பனையா’ என்று இரண்டில் ஒன்றைக் கேட்பதே தப்பு என்பது என் கட்சி. உண்டாக்கப்பட்டது என்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. வீடும் உண்டாக்கப்பட்டதுதான், கூரை இடிந்தால் மண்டை உடையும். ‘இனமெல்லாம் சும்மா, எல்லாரும் மலேசியர்தான்’ என்று இன்று நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கட்டத்தை அழித்துவிடலாம், சரி, அந்தக் கட்டத்தை வைத்துக் குறைத்த கூலிக்கு யார் கணக்குச் சொல்வது?